பொரியின் தோல்

ஆகஸ்ட் 4, ஞாயிறு

காலையில் வாசல் பெருக்கும்போது பொரியின் முடி துடைப்பத்தில் சுருண்டு சுருண்டு வந்தது. இவ்வளவு கொட்டிய பிறகும் அதன் முதுகில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருப்பதுதான் ஆச்சரியம். வயிறு, தொடையின் உள்பக்கம், காது ஓரம் எல்லாம் வெறும் தோல். சில இடங்களில் சிவப்பு, சில இடங்களில் கறுத்துத் தடித்து ஒரு வயதான எருமையின் கழுத்து மாதிரி.

அண்ணன் இரண்டு வருடம் முன்பு சேலத்திலிருந்து ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு வந்தபோது, துண்டைப் பிரித்தால் உள்ளே வெள்ளையாக ஒரு கைப்பிடி நாய்க்குட்டி. அப்பாதான் "பொரி மாதிரி கீது" என்றார். அதுவே பெயராயிற்று. முழுதாக வளர்ந்தும் கன்றுக்குட்டியின் முழங்கால் உயரம்தான்.

இப்போது நாள் முழுக்கச் சொறிகிறது. உட்கார்ந்தால் பின்னங்கால் தரையில் இடிக்கும் சத்தம். தட் தட் தட். நான் அரசு வேலைப் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அம்மா சொல்வது ஒன்றுதான்: "ஒடம்பு சூடு. வேற ஒண்ணுமில்ல."

ஆகஸ்ட் 9

வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துத் தடவினோம். மஞ்சள் நாய். நக்கி நக்கி வாந்தி எடுத்தது.

ஆகஸ்ட் 11

அப்பா மாட்டுக்கு உண்ணி மருந்து கலக்கும்போது, மீதி இருந்த வாளித் தண்ணீரைப் பொரி மேல் ஊற்றப் போனார். பாட்டிலில் மாட்டுப் படம் மட்டும்தான் இருந்தது. நான் ஓடிப்போய் வாளிக்கும் நாய்க்கும் நடுவில் நின்றேன். வாயில் ஒரு வார்த்தையும் வரவில்லை. அப்பா என்னைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், பிறகு கோணலாகச் சிரித்துக்கொண்டே எருக்குழிப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டினார்.

"பேச மாட்டா, ஆனா வழிய மறிப்பா," என்று அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அண்ணன் வந்தான். டிராக்டர் உதிரிபாகக் கடை வேலை சின்னசேலத்தில் என்பதால், அண்ணி மலர்விழி வளைகாப்பு முடிந்து தாய்வீடு போனதிலிருந்து அவனும் அங்கேயேதான் இருக்கிறான். வண்டியை நிறுத்தியதும் பொரி வாலாட்டிக்கொண்டு ஓடியது. அவன் காலைத் தூக்கிக்கொண்டான்.

சாப்பிடும்போது சொன்னான்: "குழந்த அஞ்சாம் மாசம் வூட்டுக்கு வரும். மாசியில. அதுக்குள்ள இத்த எங்கனா வுட்டுடுங்கப்பா. மலர் போன்ல தெனமும் இதான் கேக்கறா. சொறி நாயி இருக்கற வூட்ல புள்ளய எப்டிப் போடறது?"

அம்மா, "நீ தானடா கொண்டாந்த," என்றாள்.

"நாந்தான் கொண்டாந்தேன். நானே தூக்கிகினு போய் வுடறேன். கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்துல எல்லாரும் அங்கதான வுடறாங்க? எதனா துன்னு பொழச்சிக்கும்."

நான் என் முழுக்கைச் சட்டையின் கையை இன்னும் கீழே இழுத்து விட்டுக்கொண்டேன். என் முழங்கைக்குக் கீழே சிவப்புப் புள்ளிகள் வந்திருப்பதை இவர்களில் யாரும் பார்க்கவில்லை. பார்த்தால் மாசி வரைக்கும்கூட விடமாட்டார்கள். நாளைக்கே சாக்குப்பைதான்.

அண்ணி கேட்பது தப்பு என்று என்னால் சொல்ல முடியுமா? முடியாது. பிறக்கப்போகிற குழந்தையின் தோல் எப்படி இருக்கும்!

ஆகஸ்ட் 22

இன்றைக்கு நடந்ததை எழுதாமல் சாப்பிடக்கூட முடியவில்லை.

நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில் அரை நாள் விடுப்பு கேட்டேன். நானாகக் கேட்கவில்லை. கூட வேலை பார்க்கும் சிவரஞ்சனி எனக்காக முதலாளியிடம் கேட்டாள். ஜெராக்ஸ் மிஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நாங்கள் இருவரும்தான். வருகிறவர்களிடம் அவள் பேசுவாள், நான் தட்டச்சு செய்வேன். அப்படித்தான் எங்களுக்குள் ஏற்பாடு.

காய்கறிக் கூடையில் பழைய புடவை போட்டு, அதில் பொரியை உட்காரவைத்து, கள்ளக்குறிச்சி கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். பஸ்ஸில் பக்கத்து இருக்கை ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். பொரி அவரைப் பார்த்து வாலாட்டியது.

டாக்டரம்மா இளவயதுதான். சீட்டில் பெயரைப் படித்துவிட்டு, "பச்சையம்மாளா? இந்தக் காலத்துல இப்படி ஒரு பேரா, அழகா இருக்கே," என்றார். என் பெயரை அழகு என்று சொன்ன முதல் ஆள். நான் தரையைப் பார்த்தேன்.

அவர் பொரியின் காது ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மெல்லத் தேய்த்தார். உடனே அதன் பின்னங்கால் தானாக எழுந்து காற்றில் சொறிந்தது. யாரோ கயிறு கட்டி இழுப்பது போல. தேய்ப்பதை நிறுத்தினால் கால் நின்றது. தேய்த்தால் மறுபடியும். "இது தோலுக்குள்ள இருக்கற வேற ஒரு ஆளோட வேலை," என்றார் டாக்டரம்மா.

பிளேடை எண்ணெயில் தொட்டுக் காது ஓரத்தையும் முழங்காலையும் சுரண்டினார். துளி ரத்தம் கசியும்வரை. பொரி என் உள்ளங்கையில் மூக்கைத் திணித்துக்கொண்டு நடுங்கியது, கத்தவில்லை. சுரண்டியதைக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். பிறகு, "நீ என்னம்மா படிச்சிருக்க?" என்றார்.

"பி.எஸ்ஸி. விலங்கியல்." எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"அப்ப வந்து பாரு. உன் பாடம்தான்."

கல்லூரியில் நாற்பது பேருக்கு ஒரு மைக்ராஸ்கோப். வரிசையில் முன்னால் நிற்பவர்கள் பார்ப்பார்கள். நான் படம் பார்த்து வரைந்தே தேறியவள். இன்றைக்குக் குனிந்து கண்ணை வைத்தேன்.

முதலில் மங்கல். எண்ணெய்க் குமிழிகள். பிறகு ஒன்று நகர்ந்தது.

வெந்த ஜவ்வரிசி போல உருண்டையாக, உள்ளே வெளிச்சம் போகிற உடம்பு. குட்டை குட்டையாகக் கால்கள். அந்தக் கால்களால் எதையோ பற்றப் பார்க்கிறது, பற்ற ஒன்றும் இல்லை. பக்கத்தில் நீளவாக்கில் ஒரு முட்டை. டாக்டரம்மா என் தோளுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டே இருந்தார்: பெண் பூச்சி தோலுக்குள் சுரங்கம் தோண்டும், போகிற வழியெல்லாம் முட்டை வைக்கும், குஞ்சுகள் மேலே வந்து வளர்ந்து மறுபடி உள்ளே இறங்கும்.

எங்கள் பொரி ஒரு நாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒரு ஊர். தெருவும் வீடும் பிரசவமும் உள்ள ஊர். அதன் மேல்தான் இத்தனை நாள் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தோம்.

கண்ணை எடுக்க மனமே வரவில்லை. வெறுப்பாகத்தானே இருக்கவேண்டும்? இல்லை. உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ஊசி போட்டார். வாரம் ஒருமுறை வரச் சொன்னார். படுக்கைத் துணிகளைக் கொதிநீரில் போடச் சொன்னார். கடைசியில் என் கையைப் பார்த்து, அவராகவே சட்டைக் கையை மேலே தள்ளி, "உனக்கும் வந்திருக்கு. பயப்படாத. நாய்ப்பூச்சி மனுசத் தோலில் குடியிருக்காது. நாய்க்குக் குணமானா உனக்கும் போயிடும். போகலைன்னா தோல் டாக்டரைப் பாரு," என்றார்.

ஆகஸ்ட் 23

கண்ணை மூடினால் அந்தக் குட்டைக் கால்கள்.

செப்டம்பர் 15

நான்காவது ஊசி போட்டு மூன்று நாள். பொரியின் காது ஓரத்தில் பக்கு உதிர்ந்து, கீழே புதுத் தோல். வெயிலுக்கு எதிரே பிடித்தால் தெரிகிறது. பூனைமயிர் போல, கிட்டத்தட்ட இல்லாத ஒன்று, ஆனால் இருக்கிறது. முடி! தோலுக்குள் இத்தனை நாள் அது எங்கே காத்திருந்தது?

என் கையிலும் புள்ளிகள் போய்விட்டன.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். "நெல்லு நாத்தங்கால் மாதிரில்ல கீது," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் மாலையில் பால் கறந்துவிட்டு வரும்போது பொரியைத் தாண்டிப் போகாமல் நின்று, கால் விரலால் அதன் முதுகைத் தடவிவிட்டுப் போனாள்.

அக்டோபர் 5

அண்ணனுக்குப் பெண் குழந்தை. அப்பா தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தார். போனில் படம் வந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, முகமெல்லாம் சுருக்கம். என்ன தோல் அது! பூவின் உள்பக்கம் போல.

படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் தட் தட் தட்.

முதுகிலும் தொடையிலும் முடி அழகாக வந்துவிட்டது. ஆனால் பாதங்களை மட்டும் விடமாட்டேன் என்கிறது. விரல் இடுக்கையெல்லாம் கடிக்கிறது. எச்சில் பட்டு வெள்ளை முடி செம்மண் நிறமாகிவிட்டது. வயிறு மறுபடி சிவப்பு. பூச்சி போயிற்று, ஊர் காலி என்று நினைத்தேனே. இப்போது யார் சொறியச் சொல்வது?

அக்டோபர் 7

டாக்டரம்மா மறுபடி சுரண்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. "ரெண்டு வியாதி ஒண்ணு மேல ஒண்ணு படுத்திருந்திருக்கு. மேல இருந்தது போச்சு, கீழ இருந்தது தெரியுது," என்றார்.

சாப்பாட்டு ஒவ்வாமையாக இருக்கலாமாம். அதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையை நம்ப முடியாதாம். ஒரே வழி, பொரி பிறந்ததிலிருந்து சாப்பிடாத ஒரு தானியம், சாப்பிடாத ஒரு கறி, இரண்டை மட்டும் இரண்டு மாதம் கொடுத்துப் பார்ப்பது. வேறு எதுவும் வாயில் படக்கூடாது.

அது என்னென்ன சாப்பிடும் என்று கேட்டார். சொன்னேன். அரிசிச் சோறு, தயிர்ச்சோறு, கோழிக்கறி, முட்டை, பிஸ்கட், கறந்த சூட்டில் பால். எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன் என்றுதான் நினைத்தேன்.

மீன்? எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. அம்மாவுக்கு வாடை ஆகாது.

தானியம்? யோசித்துக்கொண்டே கடைக்கு வந்தேன். சிவரஞ்சனி மதியச் சோற்று டப்பாவைத் திறந்தாள். சாமைச்சோறு.

அக்டோபர் 13, ஞாயிறு

மலைமேல் இருக்கும் சிவரஞ்சனியின் ஊருக்கு அவளோடு போய்ச் சாமை வாங்கி வந்தேன். இத்தனை வருடம் கள்ளக்குறிச்சியிலிருந்து அந்த மலையை நீலக் கோடாகப் பார்த்திருக்கிறேன். அதன் உள்ளே போனது இன்றுதான்.

கச்சிராயபாளையம் தாண்டி, மலை தொடங்கும் இடத்தில் பஸ் நின்றது. டீக்கடை எதிரே நாய்கள். மலைநாய்கள் இல்லை. சடை முடியும் சப்பை மூக்கும் தொங்கும் காதுமாக, டவுன் நாய்கள். ஒன்றின் கழுத்தில் பட்டை இருந்த இடத்தில் முடி அமுங்கிய வளையம் இன்னும் இருந்தது. ஒவ்வொரு பஸ்ஸும் நிற்கும்போது அவை எழுந்து வந்து, இறங்குகிற ஒவ்வொருவர் முகத்தையும் அண்ணாந்து பார்க்கின்றன. முகம் முகமாக. பஸ் கிளம்பியதும் போய்ப் படுத்துக்கொள்கின்றன.

"தெனம் இதான் வேல அதுங்களுக்கு. யாரு வந்தாலும் பாக்கும்," என்றாள் சிவரஞ்சனி.

நான் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இனி வரும் மலைப்பாதை வளைவுகளுக்குப் பயந்து என்று அவள் நினைத்துக்கொண்டு எலுமிச்சம்பழம் கொடுத்தாள்.

வளைந்து வளைந்து ஏற ஏற காற்று மாறியது. வெள்ளிமலை தாண்டி அவள் ஊரில் இறங்கி நடந்தால், சரிவு முழுக்கச் சாமை. கதிர் முற்றித் தலை சாய்ந்து, காற்று வரும்போது மலையே ஒருபக்கமாகப் புரண்டு படுப்பது போல. நான் நின்றுவிட்டேன். நெல் வயலில் பிறந்து வளர்ந்தவள், பயிர் பார்த்து இப்படி வாய் பிளந்து நிற்பேன் என்று நினைத்ததில்லை.

அவள் அம்மா சாமியம்மாள் புடைத்துக்கொண்டிருந்தார். "எத்தினி பேருக்கு சமைக்கணும்?" என்றார்.

"நாய்க்குத்தாம்மா," என்றாள் சிவரஞ்சனி.

"நாய்க்கா!" முறத்தை வைத்துவிட்டு அப்படிச் சிரித்தார். "எங்கூட்டு நாயி ரேசன் அரிசி துன்னுது. ஒங்கூட்டு நாயி சாமை துன்னப்போவுதா? ஏம்மா, அதுக்கு ஒரு மாப்பிள்ள வேணும்னா சொல்லு, எங்கூட்டு நாயி ரெடியா கீது."

நானும் சிரித்தேன். வெளியே கேட்கும்படி.

அக்டோபர் 20

சாமைச்சோறு, ஏரிக்கரையில் வாங்கி வேகவைத்து முள் எடுத்த ஜிலேபி மீன். முள் எடுக்க எனக்கு அரைமணி நேரம். அம்மா முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, "மொத மொதல்ல இந்த வூட்டு அடுப்புல மீனு வெந்தது ஒரு நாய்க்காவ," என்கிறாள். பொரி தட்டை நக்கி அந்தத் தட்டையே தள்ளிக்கொண்டு கொல்லை வரை போய்விட்டது.

ஆனால் ஒரு பெரிய தொல்லை. அப்பா.

எங்கள் வீட்டில் யாரும் தட்டைத் துடைத்துச் சாப்பிடுவதில்லை. கடைசி ஒரு வாய் நாய்க்கு. தாத்தா அப்படி, அப்பா அப்படி, நானும் அப்படித்தான். அந்த ஒரு வாயை வைக்காமல் கை கழுவினால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. டாக்டரம்மா சொன்னதை எல்லாம் அப்பாவிடம் சொல்லியிருந்தேன். தலையாட்டினார். ஆனால் இன்று அவர் எழுந்து போன இடத்தில் பொரி வாயை நக்கிக்கொண்டு நின்றது. வாயோரம் ஒரு பருக்கை, கோழிக் குழம்பின் சிவப்போடு.

"அப்பா..."

"அது பாக்குதும்மா. பாக்கும்போது நான் இன்னா பண்ணட்டும்?"

அக்டோபர் 22

பாதம் சிவப்பு. ஒரே ஒரு வாய்! ஒரு உருண்டைச் சோற்றை உடம்பு இப்படி நினைவில் வைத்துக்கொள்ளுமா?

அக்டோபர் 24

மதியம் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தேன். அப்பா உட்கார்ந்தார். அம்மா அரிசிச் சோற்றுப் பானையைத் தூக்கியதும் கையால் மறித்தார்.

"எனக்கும் அதையே போடு."

"எத?"

"அதான், நாய்க்கு வெச்சிருக்கியே. அந்தச் சாமையும் மீனும்."

"குழம்பு?"

"வேணாம்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அப்பா குழம்பில்லாத, காரமில்லாத, உப்புகூடப் போடாத சாமையையும் மீனையும் பிசைந்து, முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். கடைசியில் ஒரு வாய் மிச்சம் வைத்து, உருட்டி, நீட்டினார். பொரி அவர் விரலை நக்கியது.

"எனக்கும் பிரஷரு. உப்பு கம்மி பண்ணச் சொல்லிக்கினுதான் இருக்காங்க," என்று எழுந்து போனார்.

அப்பாவுக்குக் கொடுக்காமல் இருக்கத் தெரியாது, அதனால் தன் தட்டையே மாற்றிக்கொண்டார். இப்படி ஒரு வழி இருக்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்குமா? நூறு வருடம் யோசித்தாலும்?

நவம்பர் 10

மூன்று வாரம் ஆகப்போகிறது. அப்பா ஒரு வேளைகூடத் தவறவில்லை. பொரி முன்பைவிடப் பரவாயில்லை, ஆனால் நிற்கவில்லை. மாலை கடையிலிருந்து வந்தால் பாதம் ஈரம். வயிற்றில் தடிப்பு.

அண்ணன் போனில் படம் அனுப்பச் சொன்னான். அனுப்பினேன். முகத்தை மட்டும்.

"கால காட்டு," என்று பதில் வந்தது.

காட்டினேன். வேறு என்ன செய்ய. கொஞ்ச நேரம் கழித்துப் பேசினான். கோபமில்லை, அதுதான் பயமாக இருந்தது. "நீ இன்னாலாம் பண்றேன்னு அம்மா சொல்லுச்சி, பச்ச. ஆனா புள்ள தவழும்மா. இது நக்குன தரையில தவழும். மலர் தைரியமா வரணும்ல? பொங்கல் வரிக்கும் பாரு. அப்பறம் நான் வந்து இட்டுகினு போறேன்."

அந்த டீக்கடை. அந்த முகம் பார்க்கிற நாய்கள். பொரி அங்க நின்னா எப்டி இருக்கும்? அது எல்லாத்துக்கும் வாலாட்டுமே. பஸ்ஸுல எழுந்து போனவருக்குக்கூட ஆட்டிச்சே. எவனாவது உதைச்சாலும் ஆட்டும்.

என்ன கவனிக்காம விட்டுட்டேன்? எத விட்டேன்?

நவம்பர் 14

மழை. பஸ் சரியாக வரவில்லை. கடைக்குப் போகவில்லை.

பதினொரு மணி இருக்கும். அம்மா மோர் கடைந்து வெண்ணெய் எடுத்தாள். பிறகு ஒரு கொட்டாங்குச்சியில் மோரை ஊற்றினாள், கொஞ்சம் தண்ணீர் விட்டாள், கொல்லைப் படியில் வைத்தாள். பொரி அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. நேரம் தெரிந்து வந்து உட்கார்ந்த மாதிரி.

"அம்மா! இன்னாமா இது?"

"இன்னாது?"

"மோர் குடுக்கறியே!"

"ஆமா. தெனம் குடுக்கறதுதான். சூடு தணியட்டும்னு. பாவம், அரிப்புல சாவுதே."

"டாக்டரம்மா வேற எதுவும் குடுக்கக்கூடாதுன்னு சொன்னாங்கம்மா. நான் எத்தினிவாட்டி சொன்னேன்!"

அம்மா நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தாள். "சோறு வேணாம்ன, போடல. பாலு வேணாம்ன, நிறுத்திட்டேன். பிஸ்கட்டு வேணாம்ன. மோரு எப்டிடி சாப்பாடாவும்? அது மோரு."

நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். ஏனென்றால் ஆஸ்பத்திரியில் அத்தனையும் ஒப்பித்தபோது நானும் மோரைச் சொல்லவில்லை. எனக்கும் அது நினைவில் வரவில்லை. வெயிலில் வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பது போலத்தானே கொடுப்போம். சாப்பாடு என்று யார் எண்ணுவார்கள்?

அரிக்கிறது, அதனால் மோர். மோர், அதனால் அரிப்பு. அரிப்பு ஜாஸ்தியானால் இன்னும் கொஞ்சம் மோர். ஒருவேளை இதுதானோ? ஆடியிலிருந்து அம்மா ஒரு நாள் விடாமல், அன்பாக, கொட்டாங்குச்சியைக் கழுவிக் கழுவி...

கொட்டாங்குச்சியை எடுத்து மழையில் கவிழ்த்தேன். அம்மா மத்தைக் கழுவ உள்ளே போனாள்.

நவம்பர் 15

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். நானே. மோரை நிறுத்தியாயிற்று, இன்றிலிருந்து மறுபடி நாள் கணக்கு என்றார். "இது ரொம்ப வீட்ல நடக்குது. உங்கம்மாவைத் திட்டாத," என்றார்.

திட்டவில்லை. அம்மாதான் காலையிலிருந்து பொரி பக்கம் போகாமல் இருக்கிறாள்.

நவம்பர் 29

பாதம் காய்ந்திருக்கிறது.

டிசம்பர் 8, ஞாயிறு

மதியம் படித்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒன்று சரியில்லை என்று தோன்றியது. என்னவென்று தெரியவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தேன். வெளியே கரும்பு லாரி போகிறது, மாடு அசை போடுகிறது, தியாகதுருகத்து மலை மேல் மேகம். எல்லாம் இருக்கிறது.

சத்தம் இல்லை. அதுதான்.

பொரி கட்டிலுக்கு அடியில் நான்கு காலையும் நீட்டி, வயிறு தெரியப் படுத்திருந்தது. மூச்சு மட்டும் ஏறி இறங்கியது. கனவில் உதடு துடித்தது. நான் மெல்ல இறங்கித் தரையில் அதற்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, அது தூங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு உயிர் தன் தோலுக்குள் சும்மா இருப்பது இவ்வளவு பெரிய விஷயமா? கோயிலில்கூட எனக்கு இப்படி நெஞ்சு நிறைந்ததில்லை.

அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். முட்டிபோட்டு உட்கார்ந்தாள். இரண்டு பேரும் வெகுநேரம் அப்படியே.

"சொறியலடி," என்றாள், கிசுகிசுப்பாக, எழுப்பிவிடக்கூடாது என்று.

ஜனவரி 12

அரிப்பு நின்றுவிட்டதால் இரண்டு மாதம் முடியக் காத்திருக்க வேண்டாம் என்றார் டாக்டரம்மா, பழைய சாப்பாட்டை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துப் பார்க்கிறோம். அரிசிக்கு ஒன்றும் இல்லை. கோழிக்கும் ஒன்றும் இல்லை. அப்பா குழம்புச் சோற்றுக்குத் திரும்பிவிட்டார், ஆனால் வாரத்தில் சில நாள் சாமை கேட்கிறார். நாக்குக்குப் பழகிவிட்டதாம். கடைசி வாயை மட்டும் குழம்பு படாமல் ஓரமாக எடுத்து வைக்கிறார்.

கடைசியாகத் தயிர் வைக்கவேண்டிய நாள் நேற்று. ஒரே ஒரு கரண்டி. அம்மாவையே வைக்கச் சொன்னேன். அவளுக்கு மனமில்லை, ஆனாலும் வைத்தாள். இன்று காலை பாதத்தைக் கடிக்கத் தொடங்கியது. வயிறு சிவந்தது.

அம்மா அதன் பாதத்தைக் கையில் எடுத்து, விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தாள். எத்தனையோ மாடு வைத்துப் பால் ஊற்றி எங்களைப் படிக்கவைத்தவள். அவள் முகத்தில் இருந்தது வருத்தமா வியப்பா என்று சொல்லத் தெரியவில்லை.

"ஒருத்தருக்கு அமுதம், ஒருத்தருக்கு ஆவல," என்றாள். "இத்தினூண்டு ஒடம்பு. அதுக்கு இன்னா கண்டிப்பு பாரேன்."

ஜனவரி 18

பொங்கல் முடிந்தும் அண்ணன் வரவில்லை. பொரியின் கால் மறுபடி காய்ந்தபின் படம் அனுப்பினேன். நான்கு பாதம், வயிறு, எல்லாம். பார்த்ததற்கு நீலக் குறி மட்டும் வந்தது.

மாசியில் அண்ணி நேரில் பார்த்து என்ன சொல்கிறாளோ அதுதான் முடிவு என்றார் அப்பா. "தாய்க்காரி சொல்றதுதான். அதுல நாம பேசப்படாது."

பிப்ரவரி 16, ஞாயிறு

குழந்தை வந்தது.

கார் நின்றதும் அம்மா ஆரத்தி எடுத்தாள். மலர்விழி அண்ணி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். ஆனால் வாசற்படி ஏறவில்லை. கண் உள்ளே தேடியது. பொரி அப்பாவின் காலடியில் நின்று உடம்பு முழுக்க ஆட்டிக்கொண்டிருந்தது. அப்பா அதன் முதுகில் கையை வைத்திருந்தார்.

அண்ணி குழந்தையை அண்ணன் கையில் கொடுத்தாள். நேராகப் பொரியிடம் வந்து குந்தினாள். அது அவளைத் தெரிந்துகொண்டு மல்லாந்து படுத்துவிட்டது. அவள் வயிற்று முடியை இரண்டு விரலால் பிரித்தாள். தொடையைப் பிரித்தாள். காதைத் திருப்பினாள். ஒவ்வொரு பாதமாக எடுத்து விரலிடுக்கைப் பார்த்தாள். பரீட்சைத்தாள் திருத்துவதைப் போல.

"இது நம்ம பொரியா!" என்றாள். முகமெல்லாம் மலர்ந்து, தோள்பையில் கையை விட்டு, ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினாள். பால் பிஸ்கட்.

"அண்ணீ! குடுக்காதீங்க!"

யார் கத்தியது என்று நானும் திரும்பிப் பார்த்திருப்பேன். நான்தான். எதிர்வீட்டு இருசப்பன் மாமா கதவைத் திறந்து பார்த்தார். குழந்தை திடுக்கிட்டு அழுதது. அண்ணி பிஸ்கட்டை நீட்டிய கையோடு என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"அடியே, ஒனக்கு இவ்ளோ தொண்ட கீதா?" என்றாள்.

சொன்னேன். வாசலில் எல்லோர் எதிரிலும். தோலுக்குள் இருந்த ஊரைச் சொன்னேன், அது காலியானதைச் சொன்னேன், அதற்குக் கீழே வேறொன்று படுத்திருந்ததைச் சொன்னேன். அப்பாவின் சாமைச்சோற்றைச் சொன்னபோது அப்பா வேறு பக்கம் பார்த்தார். மோரைச் சொல்லலாமா என்று அம்மாவைப் பார்த்தேன். "சொல்லுடி," என்றாள். சொன்னேன். வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை. நான் நிறுத்தியபோதுதான் எவ்வளவு நேரம் பேசியிருக்கிறேன் என்று தெரிந்தது. குழந்தைகூட அழுகையை விட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

அண்ணி பிஸ்கட்டைப் பைக்குள் போட்டாள். கையில் ஒட்டிய தூளைப் புடவையில் துடைத்தாள். மறுபடி பார்த்து, இன்னொரு முறை துடைத்தாள்.

"சரி, அப்ப இது இன்னாதான் துன்னும்?"

"சோறு. மீனு. கோழி."

அவள் அண்ணனிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். பொரி பின்னாலேயே போயிற்று. அவள் திரும்பிப் பார்த்தாள், விரட்டவில்லை.

அண்ணன் வாசலிலேயே நின்றான். தலையைச் சொறிந்தான். பிறகு கார் டிக்கியைத் திறந்து பைகளை இறக்கி வைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய அப்பாவின் மொபெட் சாவியை எடுத்தான்.

"பச்ச," என்றான், என் முகத்தைப் பார்க்காமல். "ஏரிக்கரையில இந்நேரத்துக்கு ஜிலேபி மீனு இருக்குமா?"